சூட்டறையில் காய்ந்த துவக்கு மரம்

நப்லாவின் முதுகடியில் படுக்கைப்புண் தொடங்கிய அதே வாரத்தில்தான் அவள் புருஷன் இப்திகார் துவக்கு மரத்தை, துப்பாக்கிக் குழலைத் தாங்கும் கட்டையை, வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

மாத்தளையில் கராம்பு, வசவாசி என்று வாசனைச் சரக்கு வாங்கி விற்கிற குடும்பம். மாடிப்படியில் விழுந்து முதுகெலும்பில் அடிபட்ட நாளிலிருந்து நப்லாவுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. வாய் மட்டும் முன்னைவிடக் கூராகியிருந்தது. பகலில் அவளைப் பார்த்துக்கொள்ளத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தர்ஷிகா வருவாள். பின்னேர பஸ்ஸைப் பிடிக்க ஓடுமுன் தினமும் ஒரே பாட்டுப் பாடுவாள்.

"மொதலாளி, ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா ராத்தாவ திருப்பிப் படுக்க வைங்க. புடிச்சு இழுக்காதீங்க, தோல் உரிஞ்சிரும். விரிப்போட சேத்துப் பொரட்டுங்க. இப்ப செவப்பாத்தான் இருக்கு. விட்டா எலும்பு தெரியும்."

"எனக்குத் தெரியும், நீ போ" என்பான் இப்திகார்.

அவனுக்கு வேறு கவலை. துவக்குக் கிளப்பில் அவனுக்கென்று ஒதுக்கிய ரைபிள், போல்ட் இழுத்துச் சுடுவது, மழை தொடங்கியதும் வலப்பக்கமாகச் சுட ஆரம்பித்திருந்தது. தோட்டாவை மாற்றினான். திருகாணிகளை இறுக்கினான், தளர்த்தினான். நோயை ஒருவழியாகச் சரியாகவே கண்டுபிடித்தான். குழல் மரத்தைத் தொடக்கூடாது. இரண்டுக்கும் நடுவே ஒரு கடுதாசித் துண்டு தடங்கலில்லாமல் ஓடவேண்டும். மரம் ஈரத்தில் ஊதி, கடுதாசி பாதியில் சிக்கியது.

உள்ளே கொஞ்சம் சுரண்டி வார்னிஷ் அடித்தால் போதும் என்று கிளப்பில் சொன்னார்கள். கராம்புக்காரனுக்கு அது ஏறவில்லை. ஈரம் என்றால் காயவைப்பதுதான் அவன் கற்ற வைத்தியம். இரும்பைக் கிளப் அலமாரியில் பூட்டிவிட்டு, மரத்தை மட்டும் கழற்றிக்கொண்டு வந்து, வீட்டோடு ஒட்டிய, சரக்கு உலர்த்தும் சூட்டறையில் கராம்புத் தட்டுக்கு மேலே கிடத்தினான். ஞாயிற்றுக்கிழமை தெரிவுப் போட்டி. கொழும்புக்குப் போக மாத்தளையில் ஒருவருக்குத்தான் இடம்.

ஒரே பக்கமாகக் காய்ந்தால் மரம் வளைந்துவிடும் என்று, அஸருக்கும் மஃரிபுக்கும் தொழுதுவிட்டு வந்து அதைப் புரட்டிவைத்தான். நப்லாவின் கட்டில் அந்தச் சுவரோரம். மரம் தட்டில் உரசுவது அவளுக்கு நன்றாகக் கேட்கும்.

"இஞ்ச பாருங்க, மரத்தப் பொரட்டியாச்சா?"

"ம்."

"அப்ப அப்பிடியே என்னயும் ஒருக்காப் பொரட்டிட்டுப் போங்க."

"கையெல்லாம் கராம்புத் தூள் புள்ள. கழுவிட்டு வாறன்."

கழுவப் போனவன் வரவில்லை.

காலையில் தர்ஷிகா மூக்கைச் சுளித்தபடி புண்மேல் இருந்த மருந்துத்துணியை அவிழ்த்தாள். "நான் வச்சிட்டுப் போன தலகாணி வச்ச எடத்துலயே கெடக்கு. தோல் பிஞ்சிருச்சு ராத்தா. ஒங்களுக்கு வலிக்காது. அதான் ஆபத்து."

"அவருக்கும் வலிக்காது" என்றாள் நப்லா.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்த இப்திகார் மரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் கையில் வைத்தான். கராம்பு காய்ந்ததா இல்லையா என்று ஒரு தொடலில் சொல்லிவிடுவாள் நப்லா. அவள் வாப்பாவின் கடையிலேயே வளர்ந்த கை.

"தொட்டுப் பாரு. போதுமா?"

அவள் தடவினாள். பின்பக்கத் திருகாணி ஓட்டையருகே பெருவிரல் நகம் ஓர் இழையில் இறங்கியது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு. வாப்பா ஒருமுறை புது ஜன்னல் சட்டத்தை இப்படித்தான் அவசரத்துக்குச் சூட்டறையில் போட்டார்; அது நீளமாகப் பிளந்துபோனது. நப்லா மரத்தை இன்னும் இரண்டு தரம் மெதுவாகத் தடவினாள்.

"இன்னும் ஈரம் இரிக்கி" என்றாள். "ஞாயித்துக்கெழம காலைல வரைக்கும் கெடக்கட்டும். சூட்டக் கொஞ்சம் கூட்டுங்க."

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு இப்திகார் அவளைப் பார்த்துச் சிரித்தான். "வாப்பாட மகள்தான் நீ!" மரத்தை அணைத்துக்கொண்டு போனான். அவள் கிடந்த பக்கமே கிடந்தாள்.

ஞாயிறு பின்னேரம் பக்கத்துக் கடை அகீல்தான் அவனைக் கூட்டிவந்தான். அவனும் அதே கிளப்.

"ராத்தா, நானா சுட்ட டாகெட்டப் பாக்கணுமே! ஓட்டையெல்லாம் கோழிக்குத் தீனி எறிஞ்ச மாதிரி. திருகாணிய இறுக்கக்குள்ளயே மரம் முனங்கிச்சி, இவர் கேக்கல்ல. மூணாவது சூட்டுக்கு ரெண்டாப் பொளந்திட்டு. கிளப்புச் சாமான நாசமாக்கிட்டாருண்டு அலமாரிச் சாவியையும் வாங்கிட்டாங்க. இனி அந்தப் பக்கம் வர வேணாமாம்."

"நீ போடா" என்றான் இப்திகார்.

அகீல் போனதும் கதிரையில் சரிந்தான். "எங்க பிழச்சதுண்டு வெளங்கல்ல நப்லா. நான் எல்லாம் சரியாத்தானே செஞ்சன்."

"வெள்ளிக்கெழமையே வெடிச்சிருந்திச்சி" என்றாள் நப்லா. "என்ட நகம் உள்ளுக்குப் போச்சி."

அவன் கத்தவில்லை. எழுந்து வந்து, விரிப்பைத் தொடாமல் தோளையும் மேற்கையையும் பிடித்து, ஒரே இழுப்பில் அவளை மறுபக்கம் புரட்டினான். அவளுக்கு உணர்ச்சி உள்ள இடங்கள் அவைதான். அவனுக்கு அது தெரியும்.

"ரெண்டு மணித்தியாலம்" என்றான். போனில் அலாரம் வைத்தான்.

அதற்குப் பிறகு அவன் ஒருமுறைகூடத் தவறவில்லை. போக அவனுக்கு இடமில்லை. ஒவ்வொரு தரமும் அதே இடத்தில், அதே பிடி. மேற்கையில் கன்றிய அடையாளம் மஞ்சளாகி, அதன்மேல் புதிது நீலமாக ஏறியது. முதுகடிப் புண் ஓரத்திலிருந்து சுருங்கி, இளஞ்சிவப்புச் சதை பிடித்தது.

"மொதலாளி இப்ப நல்லாப் பாத்துக்கிறாரு" என்றாள் தர்ஷிகா, புது மருந்துத்துணி வைத்தபடி. "கை ஏன் ராத்தா இப்படிக் கன்னிப்போயிருக்கு?"

"தூக்கத்துல கம்பீல பட்டிரிக்கும்."

அடுத்த அறையில் அலாரம் அடித்தது. அவன் வருவதற்குள் நப்லா பல்லைக் கடித்துக்கொண்டு கட்டில் கம்பியைப் பிடித்தாள்.