வடக்குச் சுவரில் ஒரு கோடு

விளக்கையெல்லாம் அணைக்கச் சொல்லிவிட்டு, கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் பெரில் டட்மன். நேராக ஒளி அடித்தால் சுண்ணாம்புச் சுவர் வெறும் வெள்ளை. பக்கவாட்டில் விழுந்தால்தான் மேடுபள்ளம் நிழல் கட்டி எழும். அப்போது எழுநூறு வருடச் சுவர் தூக்கத்தில் மூச்சுவிடுவது போலிருக்கும்.

இங்கிலாந்தின் நார்ஃபோக் பக்கத்துக் கிராமத் தேவாலயங்களில் அவள் கால் படாதது குறைவு. பழைய கட்டடங்களைத் தோண்டாமல் ஆராய்வது தொழில்; அதில் முனைவர் பட்டமும் உண்டு. உதிர்ந்த சாந்தை விரலிடுக்கில் தேய்த்துப் பார்ப்பாள். பழஞ்சாந்துக்கு அடையாளமாக அதில் ஒரு சிப்பித்துண்டு அகப்பட்டால் முகம் மலர்ந்துவிடும். மதிய ரொட்டியைக் கல்லறை மேல் உட்கார்ந்துதான் தின்பாள். அதற்குமுன் கல்லில் உள்ள பெயரை வாசித்து, "கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்று கேட்டுக்கொள்வாள்.

இந்த ஊர்த் தேவாலயத்துக்குக் கழிப்பறை இல்லை. வடக்குப் பக்கம் கட்ட இடமிருக்கிறது, போக வழிதான் இல்லை. அடைபட்ட பழைய வாசல் இருந்தால் திறக்கலாம், புதிதாக உடைக்கக்கூடாது என்பது திருச்சபை மேலிடத்துக் கண்டிப்பு. "இச்சுவரில் வாசல் இருந்ததே இல்லை" என்று முப்பது வருடத்துக்கு முன் அறிக்கை எழுதியவள் பெரிலேதான்.

"டாக்டரம்மா, என் பொண்டாட்டி கோயிலுக்கு வர்றதையே நிறுத்திட்டா" என்றார் நிர்வாகி கிளைவ் பங்க். "பிரசங்கத்துக்கு நடுவுல கல்லறைத் தோட்டத்து யூ மரத்துப் பின்னாடி ஓடுற வயசா அவளுக்கு? மறுபடியும் ஒருதரம் பாருங்க."

பார்த்தாள். இடுப்புயரத்தில் தொடங்கி மெல்லிய கோடு ஒன்று மேலேறி, வளைந்து, மறுபுறம் இறங்கியது. வாசல்தான். முப்பது வருடத்துக்கு முன் ஜூன் மாத நடுப்பகலில், தெற்குச் சன்னலெல்லாம் வெயில் நேராகக் கொட்ட, இதே இடத்தைப் பார்த்துவிட்டுப் போனது நினைவுக்கு வந்தது. கோடு கிளைவின் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. விளக்கைத் தாழ்த்தினால் போதும், யாருக்கும் தெரியாது.

"என்ன, ஒண்ணும் இல்லையா?"

"இருக்கு. அப்பவும் இருந்துச்சு. நான்தான் பாக்கல."

கிளைவ் சிரித்துவிட்டார். "ஞானஸ்நானத்தப்போ பிசாசு வெளியே போகத்தான் வடக்கு வாசல்னு எங்க பாட்டன் சொல்வாரு. நீங்க வாசலே இல்லன்னு எழுதிட்டீங்க. பாவம், அது முப்பது வருஷமா உள்ளேயே மாட்டிக்கிச்சு!"

பெரில் சிரிக்கவில்லை. பையிலிருந்து பழைய அறிக்கையை எடுத்து இருக்கையில் விரித்தாள். அந்த ஒரு வரியை அழுத்தி அடித்தாள். ஓரத்தில் "தவறு என்னுடையது" என்று எழுதி, முழுப்பெயரில் கையெழுத்துப் போட்டாள்.