படிக்கட்டு இடம் மாறிய வீடு

சேலத்தில் ஒரு ஸ்டுடியோவில் ஒன்பது வருடம் கல்யாண ஆல்பம் போட்டேன். கேமரா வேறு யாரோ பிடிப்பார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பக்கங்களை அடுக்குவது என் வேலை. அதில் ஒரு பழக்கம் உண்டு. படத்தில் இருப்பவர்கள் ஆல்பத்தின் நடுவைப் பார்க்க வேண்டும். வெளியே பார்த்தால் வீட்டை விட்டுக் கிளம்புகிற மாதிரி இருக்கும் என்பார் முதலாளி. அப்படி அமைந்துவிட்டால் படத்தை இடவலமாகத் திருப்பிவிடுவேன். ஒரே தட்டு. முந்தானைதான் மாட்டிவிடும், இடது தோளில் இருந்தது வலது தோளுக்குப் போய்விடும். அதனால் சேலை கட்டியவர்களை மட்டும் தொடமாட்டேன். மற்றபடி மாப்பிள்ளை, குழந்தைகள், மண்டபம், யாரும் தப்பியதில்லை.

போன வருடம் சொந்தமாக ஒரு கேமரா வாங்கினேன். எனக்கு வாடகை வீடு பிடித்துக் கொடுத்த புரோக்கரிடம், விற்பனைக்கு வரும் வீடுகளை நான் படம் எடுத்துத் தருகிறேன் என்று கேட்டேன். அவர் செல்போனில் எடுக்கும் படங்களில் பாதியில் அவர் கட்டைவிரல் இருக்கும், மீதியில் கொடியில் காயும் லுங்கி இருக்கும். அவருக்கே அது தெரிந்திருந்தது.

"புதுச்சத்திரத்துல ஒரு ஊடு இருக்குதுங்க அம்மிணி. அத எடுங்க. நல்லாப் போச்சுன்னா இனி நம்ம ஊடெல்லாம் உங்களுக்குத்தான்" என்றார். கையோடு முன்பணமும் கொடுத்தார். என் கேமராவுக்கு வந்த முதல் காசு என்பதால் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன்.

வடக்குப் பார்த்த மாடி வீடு. அதில் ஓர் அம்மா தனியாக இருந்தார். கணவர் தவறிவிட்டதால், வீட்டை விற்றுவிட்டுத் திருச்செங்கோட்டில் மகளோடு இருக்கப் போகிறார். நான் ஜன்னல்களைத் திறந்தேன், வாளிகளை ஒளித்தேன், அவர் கிரைண்டரைத் துடைத்தார். படங்கள் எனக்கே பிடித்திருந்தன. புரோக்கருக்காக நானே போட்ட விளம்பரத்தாளில் வீட்டின் முகப்புப் படத்தை வைத்தபோது, வெளிப்பக்கத்து மாடிப்படி எழுத்துகளின் மேல் வந்து இடித்தது. பழக்க தோஷம், ஒரு தட்டுத் தட்டித் திருப்பினேன். வீட்டுக்கு ஏது முந்தானை?

ஒரு வாரம் ஒருவரும் வரவில்லை. பிறகு புரோக்கர் கூப்பிட்டார்.

"ஏனுங்க, வடக்குப் பாத்த ஊடுன்னு போட்டிருக்கறோம். படத்துல படி இடப்பக்கம் நிக்குது. அப்ப ஈசானி மூலையில படின்னு ஆவுதுங்களா இல்லீங்களா? அந்த ஊட்ட யாருங்க வந்து பாப்பாங்க?"

வடகிழக்கு மூலையில் கனமாக எதுவும் வரக்கூடாது என்பது இந்தப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். நிஜத்தில் படி வடமேற்கில் சரியாகத்தான் இருந்தது. நான்தான் தூக்கி மாற்றி வைத்திருந்தேன். வாஸ்து சரியில்லாததால்தான் விற்கிறார்கள் என்று பேச்சு வேறு கிளம்பியிருந்தது. பிரிண்ட் போட்டவன் தப்பு என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. மறுநாள் காலையில் பஸ் ஏறி அந்த அம்மாவிடமே போய்ச் சொன்னேன். வெட்கத்தில் அவர் கொடுத்த காபியைக்கூடத் தொடவில்லை.

அவர் விளம்பரத்தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எங்கூட்டுக்காரரு ஒவ்வொரு மூலைக்கும் நாலு பேரக் கேட்டுக் கட்டுன ஊடு சாமி இது. நீ ஒரே நாள்ல மாத்திப் போட்டியே" என்றார். பிறகு சிரித்துவிட்டார். எனக்கு அழுகைதான் வந்தது.

மறுபடி எடுக்கிறேன் என்றேன். இனி எப்படி நம்புவார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அப்போதுதான் அவர் முந்தானையைப் பார்த்தேன்.

"நீங்க வாசல்ல நில்லுங்கம்மா. முந்தானை இடது தோள்ல இருந்தா, படம் திருப்பாத படம்னு யாருக்கும் தெரியும்."

அவர் உள்ளே போய் இளம்பிள்ளை ஊர்த் தறியில் நெய்த பட்டுச் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். புதுப் படத்தோடு தாள் வெளியே போன நாலாம் நாள் ஒரு குடும்பம் வந்தது. தாளைக் கையில் பிடித்து, முதலில் படியைப் பார்த்தார்கள், அப்புறம் அந்த அம்மாவின் தோளைப் பார்த்தார்கள். அந்த மாதமே வீடு கைமாறியது. புரோக்கர் அடுத்த இரண்டு வீட்டுச் சாவிகளை என்னிடம் கொடுத்தார். இரண்டிலும் வீட்டுக்கார அம்மாக்களை வாசலில் நிற்க வைத்தேன்.

சாமான்களை ஏற்றுவதற்கு முந்தைய நாள் அந்த அம்மா போன் செய்தார். "அந்தப் போட்டோவப் பெருசு பண்ணிக் குடு சாமி. முப்பது வருசம் இருந்திருக்கறேன், ஊட்டோட ஒரு போட்டோ இல்ல."

சட்டம் போட்டுக் கொடுத்தேன். அதில் அவர் கேமராவைப் பார்க்கவில்லை. படிக்குப் பக்கத்தில் நின்று, படத்துக்கு வெளியே, தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முதலாளி பார்த்திருந்தால் திருப்பச் சொல்லியிருப்பார். நான் அப்படியே விட்டுவிட்டேன்.