காபிப் பொட்டலம்

பள்ளிக்கூடச் சமையலறைகளைச் சோதனை போடுவதே தனூதாவுக்கு இருபத்தேழு வருட வேலை. போலந்தில் அவள் வட்டாரத்துச் சமையல்காரிகளுக்கு அவள் பெயரைக் கேட்டாலே பயம். இன்று பயப்படுவது அவள் முறை. கணவர் செஸ்வாஃபைக் கடைசி நாட்களுக்கு ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று மாலைக்குள் டாக்டருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்த இல்லத்தில் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றாள். ஜன்னல் விளிம்பை விரலால் தடவினாள், தூசி இல்லை. படுக்கை விரிப்பை முகர்ந்தாள், வாடை இல்லை. குறையே அகப்படாதது அவளை இன்னும் பயமுறுத்தியது. எதையோ மறைக்கிறார்கள். கடைசியாக, அந்த ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போகிற எல்லோரையும் போல, நர்ஸைக் கவனிக்கவென்று கொண்டுவந்திருந்த காபிப் பொட்டலத்தை நர்ஸ் பெயாத்தாவிடம் நீட்டினாள். வாங்குகிறாளா பார்ப்போம்.

"அட, நல்ல காபியாச்சே. சரியான நேரத்துல கொண்டாந்தீங்கம்மா," என்று கூச்சமே இல்லாமல் வாங்கிக்கொண்டாள் பெயாத்தா.

கை நீட்டுகிற கூட்டம். தனூதா விடுவிடுவென்று இறங்கிப் போனாள். கீழே மேலங்கியை மாட்டியபின்தான் கையுறையை மேலே விட்டது தெரிந்தது.

திரும்பி ஏறியவளை நடைவழியில் காபி மணம் நிறுத்தியது. முதல் அறையில், விழுங்க முடியாத ஒரு கிழவரின் உதட்டைக் காபியில் நனைத்த பஞ்சால் பெயாத்தா ஒற்றிக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை மூடிச் சப்புக்கொட்டினார்.

"காலையிலேர்ந்து காபி காபின்னு உயிரை வாங்கிட்டாரு. இங்க தீந்துபோச்சு," என்றாள் பெயாத்தா, திரும்பாமலே.

செஸ்வாஃப் ஒரு வாய் காபி விழுங்கி ஒரு வாரமாகிறது. தனூதா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு கரண்டி சக்கரை போடணும் சிஸ்டர்," என்றாள்.