சந்தனம் வைத்த மணி

பெரியநாயக்கன்பாளையத்துக்கு இந்தப் பக்கம் பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஒரு ஜின்னிங் பேக்டரியில் ஆபத்து மணியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். மலைமேல் பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்த புதிது. மணிக்கு மட்டும் தனியாகக் கண்ணாடி ஜாடிகளில் பேட்டரி வைத்திருந்தார்கள். ஜாடிகளில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு.

நாலு பருத்திக் கிடங்கிலும் சுவரில் ஒரு பொத்தான் உண்டு. உள்ளே இருப்பவர்கள் அதை அழுத்தினால் என் அறையில் மணி அடிக்கும், பலகையில் அந்தக் கிடங்கின் நம்பர் போட்ட தகடு விழும். ஒரு தடவை அடித்தால் குடிதண்ணீர் கேட்கிறார்கள். விடாமல் அடித்தால் நெருப்பு. நெருப்பென்றால் நான் ஓடிப்போய் ஆலைச் சங்கை ஊதவேண்டும், காவல்காரர் கிடங்கைத் திறக்கவேண்டும். ஏனென்றால், பருத்தியில் தூசு பொறுக்கும் பெண்களை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிடுவார்கள். சேலை மடியில் பருத்தி போகிறது என்று முதலாளிக்குச் சந்தேகம். பூட்டிய கதவுக்குப் பின்னால் அவர்களுக்கு இருந்தது அந்தப் பொத்தான் ஒன்றுதான். என் மனைவியும் அங்கேதான் பொறுக்கினாள்.

தினமும் காலையில் நாலு பொத்தானையும் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் நான் உட்காருவேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினையும் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். கிடங்கு கிடங்காகச் சாம்பிராணி காட்டினார்கள். என் மணிக்கு நானே வைத்தேன். குழைத்த சந்தனத்தை, பித்தளையாகத் தெரிந்த இடத்திலெல்லாம் ஒவ்வொரு பொட்டு. பக்தியாகத்தான் வைத்தேன்.

மறுநாள் விஜயதசமி. பத்து மணிக்கு நல்ல நேரம். அதுவரை பூஜையில் வைத்த எதையும் யாரும் தொடக்கூடாது என்று முதலாளி சொல்லியிருந்தார். பொறுக்குகிற வேலைக்கு மெஷின் வேண்டாமே என்று பெண்களை எட்டு மணிக்கே மூன்றாம் கிடங்கில் விட்டுப் பூட்டினார்கள். பதினோரு பேர். பொத்தானை மட்டும் ஒரு தடவை அழுத்திப் பார்க்கட்டுமா என்று நான் கேட்டிருக்கலாம். முதலாளி எதிரில் நின்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கேட்கவில்லை.

முன்கேட்டில் மேளம் ஆரம்பித்தது. எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். நான் மணிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. ஒன்பதேகால் ஆனபோதுதான் ஒன்று உறைத்தது. மற்ற நாளில் அதற்குள் இரண்டு தடவையாவது தண்ணீர் கேட்டுவிடுவார்கள். அன்றைக்கு ஒரு தடவைகூட அடிக்கவில்லை.

எழுந்து மணியருகே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். சுத்தியலுக்குப் பின்னால் இரண்டு பித்தளை முனைகள் தொட்டுக்கொள்ளும் சின்ன இடம் உண்டு. அந்த இடைவெளியில் என் சந்தனம் காய்ந்து மண்ணாங்கட்டி மாதிரி இறுகியிருந்தது. அங்கே தொடாவிட்டால் மின்சாரம் ஓடாது. மணியும் அடிக்காது, தகடும் விழாது.

சந்தனத்தைச் சுரண்டக்கூடத் தோன்றவில்லை. காவல்காரரிடம் ஓடினேன். அவர் மேளத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, மூணாம் குடோன் சாவி குடுங்க."

"மணி அடிச்சுதுங்களா?"

"அடிக்கலீங்க."

"அடிக்காததுக்கு என்னத்துக்குங்க சாவி? எத்தன நல்லா வாசிக்கறானுங்க, செத்த நின்னு கேளுங்க."

"அதானுங்ணா... அடிக்கலீங்க!"

அவருக்குப் புரியவில்லை. புரியவைக்க எனக்கு வாய் வரவில்லை. அவர் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தை இழுத்துப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். வாழ்நாளில் இன்னொருவர் மேல் நான் கை வைத்தது அப்போதுதான்.

மேளச் சத்தம் குறைந்த பின்பக்கம் வந்ததும் கதவு இடிபடும் சத்தம் கேட்டது. கதவுக்கு அடியில் புகை. சாவி துவாரத்தில் நுழைய மறுத்தது. இரண்டு கையாலும் பிடித்து நுழைத்துத் திருப்பினேன். திறந்ததும் பெண்கள் இருமிக்கொண்டு என்மேல் விழுந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். என் மனைவி இல்லை.

உள்ளே மூலையில் அவளும் இன்னொருத்தியும் புகைகிற பருத்திமேல் சாக்கைப் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் சாம்பிராணிக் கங்கு ஒன்று பருத்திக்குள் விழுந்து ராத்திரியெல்லாம் கனன்றிருக்கிறது. காலையில் உள்ளே கொண்டுபோன குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரைக் கொட்டி, நெருப்புப் பிடித்த பருத்தியைக் கையால் அள்ளி அப்புறப்படுத்தியிருந்தார்கள். இரண்டு உள்ளங்கையும் அவளுக்குக் கொப்பளித்திருந்தது.

"ஏனுங்க, வெரலு நோகற வரைக்கும் அமுத்துனனே. ஊட்டுலதான் கூப்புட்டா காது கேக்காது, இங்கயுமுங்களா?"

"மணி அடிக்கல, அம்மணி. நாந்தான் சந்தனத்த வெச்சுப்போட்டேன்."

கூட இருந்தவள் இருமலுக்கு நடுவே சொன்னாள்: "பொட்டு வெச்சு மணிக்குக் கண்ணாலமே பண்ணிப்போட்டாராட்டம் இருக்குது உம்பட ஊட்டுக்காரரு."

யாரோ சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. ஊதிவிடச் சொல்லிக் கையை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். நான் ஊதினேன்.

முதலாளி மாலையோடு வந்தார். "மணி ஏம்ப்பா அடிக்கல?" என்றார். அவரிடமும் சொன்னேன். சத்தம் வந்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. வந்திருக்கவேண்டும், அவர் தலையில் அடித்துக்கொண்டார். இனி மணியில் ஒரு பொட்டும் கூடாது என்றார். காவல்காரரை நம்பிப் பயனில்லை, மூன்றாம் கிடங்குச் சாவி இனி உன்னிடம் இருக்கட்டும் என்றார். பூட்டை எடுத்துவிடலாமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் திரும்பி நடந்துவிட்டார்.

கை ஆறி அவள் மறுபடி வேலைக்கு வந்த அன்று, பெண்கள் உள்ளே போனதும் நான் கதவைச் சாத்தினேன். பூட்டைக் கொண்டியில் மாட்டினேன். வளையத்தை அமுக்கவில்லை. பார்த்தால் பூட்டிய மாதிரியே தொங்கும். உள்ளேயிருந்து பலமாக இரண்டு தள்ளு தள்ளினால் கழன்று விழும். அவளிடம் மட்டும் சொன்னேன். "பாத்துக்குங்க, வேல போயிருமுங்க" என்றாள்.

நான் அங்கே இருந்தவரை அந்தப் பூட்டு ஒருநாளும் பூட்டப்படவில்லை. முதலாளி கிடங்குப் பக்கம் நடந்துவரும்போதெல்லாம் எனக்கு உடம்பு வேர்த்துவிடும். அவர் கை அந்தப் பூட்டில் படாமல் இருக்கவேண்டுமே என்று, எதற்கென்று இல்லாமல் குறுக்கே போய் ஒரு கும்பிடு போடுவேன். அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.