தேசி மரத்தின் சூடு

வெயில் ஏற ஏற எங்கள் கொக்குவில் வீட்டுக் 'குசினி'யின் தகரக்கூரை 'டக், டக்' என்று நெளியும். அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டே மதியச் சோற்றுக்குக் காத்திருந்த பிள்ளை நான். அதன் கீழே விறகடுப்போடு நின்ற அம்மா, தகரத்தைக் கழற்றிவிட்டு ஓடு போடும்படி அப்பாவிடம் பலமுறை கேட்டிருந்தார். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில் வேலை பார்த்த அப்பா எதையும் அளக்காமல் நம்பமாட்டார். எண்பத்து நாலாம் ஆண்டு சித்திரையில் ஒருநாள், "அளந்து பாப்பம். நூறு பாரன்ஹீட்டைத் தாண்டினா ஓடு போடுவம்" என்று சொல்லி, எட்டாம் வகுப்பில் விஞ்ஞானப் பாடத்தில் முதலாவதாக வந்திருந்த என்னையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போனார்.

கடையில் இரண்டு வெப்பமானிகள் இருந்தன. ஒன்று மணிக்கூடு போல வட்ட முகமும் முள்ளும் உடையது. மற்றது மரப்பலகையில் பதித்த நீளக் கண்ணாடிக் குழாய்.

"எங்கை கொழுவப் போறியள்?" என்று கடைக்காரர் கேட்டார். வீட்டுக்குள் என்றால் வட்டம், வளவுக்கென்றால் குழாய் என்றார். அப்பா என்னைப் பார்த்தார். வெப்பநிலையை வெளியே, நிழலில், காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்கும் கூரைக்கும் தள்ளியே அளக்கவேண்டும் என்று புத்தகத்தில் படித்ததை ஒரு மூச்சில் ஒப்புவித்தேன். கடைக்காரர் மெச்சினார். குழாயை வாங்கி வந்தோம்.

எலுமிச்சையை நாங்கள் 'தேசி' என்போம். வளவிலிருந்த தேசி மரத்தின் அடியில் அதைக் கட்டி, மதியந்தோறும் பார்த்து அப்பாவுக்குச் சொன்னேன். தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றுமூன்று. நூற்றை அது எட்டவேயில்லை.

ஒரு மதியம் மரத்தில் வெப்பமானியைக் காணவில்லை. குசினியில் அகப்பை கொழுவும் ஆணியில் அம்மா அதை மாட்டியிருந்தார். நூற்றாறு காட்டியது. அடுப்பும் தகரமும் சேர்ந்து பிழையாகக் காட்டுகின்றன, இது கணக்கில் வராது என்று அவருக்கு விளங்கப்படுத்திக்கொண்டே கழற்றினேன்.

"உது மரத்தின்ரை சூடு, மோனை. நான் மரத்துக்குக் கீழை நிண்டே சமைக்கிறன்?" என்றார் அம்மா. முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு அடுப்பை ஊதக் குனிந்தார்.

வெப்பமானியை மரத்தில் கட்டி, ஆறவிட்டு, அன்றைக்கும் தொண்ணூற்றிரண்டு என்றே சொன்னேன். ஓட்டுப் பேச்சு அத்தோடு முடிந்தது. நான் சொன்ன எண்கள் எல்லாமே சரியானவை. பொய்யென்றால் என்றைக்காவது மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

தொண்ணூற்றைந்தில் போரால் ஊரோடு இடம்பெயர்ந்து, மறுவருடம் திரும்பியபோது குசினித் தகரங்களை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வெப்பமானியும் போய்விட்டது. கூரையில்லாத அடுப்படியில் நின்று அம்மா அண்ணாந்து பார்த்தார்.

"இப்பதான் காத்து வருது" என்றார். அப்பா சிரிக்கவில்லை. நானும்.

இன்று அந்த இடத்தில் ஓடு போட்ட குசினி இருக்கிறது. அவர்கள் இருவரும் இல்லை. ஐம்பதைத் தாண்டிய வயதில், சென்ற மாதம் ஒரு வெப்பமானி வாங்கி அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டினேன். வெளியே எவ்வளவு வெயில் என்று மனைவி கேட்கிறாள், எனக்குத் தெரியாது. தேசி மரம் மட்டும் அப்படியே நிற்கிறது. அதன் கீழே இன்றும் நல்ல குளிர்மை.