ஆறு மணி ஜெபம்

மனைவி இறந்த பிறகு காலை ஆறு மணிக்கு ஜெபத்தில் உட்காருவதை நான் ஒரு நாளும் விட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் எங்கள் தெருவில் கிறிஸ்தவ வீடு எங்களுடையது ஒன்றுதான். பௌர்ணமியன்று தெருவே வீட்டைப் பூட்டிக்கொண்டு கிரிவலம் போய்விடும். நான் மட்டும் இருப்பேன். மற்ற நாட்களிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கலெக்டர் ஆபீஸில் என்னோடு வேலை பார்த்தவர்கள் முதல் மாதம் வந்துபோனார்கள். அப்புறம் அவரவர் பிழைப்பு அவரவர்க்கு.

மனதைக் கண்டபடி அலையவிடாமல் கர்த்தர்மேல் நிறுத்தப் பழகவேண்டும் என்று எங்கள் போதகர் அடிக்கடி பிரசங்கிப்பார். அவள் இருந்தபோது எனக்கு அது வரவே வராது. ஐந்தாவது நிமிடம் மனம் ஆபீஸ் ஃபைலுக்குப் போய்விடும், அவள் தொடையில் கிள்ளுவாள். இப்போதோ அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தேன். கண்ணை மூடினால் பேச்சு தானாக வந்தது. பக்தி முற்றிவிட்டது என்றே நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் என் வீட்டில் ஜெபக்கூட்டம். சபையிலிருந்து எட்டுப் பேர் வந்திருந்தார்கள். கடைசியில் போதகர், “ஐயா, முடிவு ஜெபம் நீங்களே பண்ணிடுங்க” என்றார்.

சர்வ வல்லமையுள்ள தேவனே என்று கம்பீரமாகத்தான் ஆரம்பித்தேன். கண்ணை மூடியிருந்தேன் அல்லவா, பழக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

“சிங்க் பைப்பு மாத்திட்டேன். நேத்து கடையில தோசை மாவு வாங்கினேன், புளிப்பு ஜாஸ்தி. உன் நீலப் புடவைய இன்னும் யாருக்கும் குடுக்கல, திட்டாத…”

அப்போதுதான் என் குரல் எனக்கே கேட்டது. யாரோ ஓர் அம்மா மூக்கை உறிஞ்சினார். அவசரமாக ஆமென் சொன்னேன். எல்லோரும் வழக்கத்தைவிடச் சத்தமாக ஆமென் சொன்னார்கள்.

கிளம்பும்போது கேட் அருகில் போதகர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு ஒரு மகன் இருந்திருந்தால் அவர் வயதுதான் இருக்கும்.

“விடுங்க ஐயா, யாரும் தப்பா எடுத்துக்கல.”

“எட்டு மாசமா இப்படித்தான் பேசிட்டு இருந்திருக்கேன் போல பாஸ்டர்” என்றேன்.

அவர் என் கையை இன்னொரு முறை அழுத்திவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை ஜெபத்தில் உட்காரவே பயமாக இருந்தது. இறந்தவர்களிடம் ஜெபம் செய்வது எங்கள் சபையின் வழக்கமல்ல என்று எனக்குத் தெரியாதா என்ன? ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். ஆனால் கர்த்தர் பக்கம் மனதைத் திருப்ப வேண்டுமென்றால் இவளை விடவேண்டும். நாள் முழுவதிலும் அந்த அரை மணி நேரம்தான் நான் யாரோடாவது மனம்விட்டுப் பேசுவது. அதையும் கொடுத்துவிட்டால் எனக்கென்று என்ன மிச்சம்?

இருந்தும் உட்கார்ந்தேன். கண்ணை மூடியதும் அவள் வந்தாள். கேஸ் சிலிண்டர் வந்த விஷயம் நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். வீடு அவ்வளவு வெறுமையாக அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றுகூட இருந்ததில்லை.

பிறகு கர்த்தரிடம் பேசப் பார்த்தேன். ஐம்பது வருடமாக வாயில் ஊறிய ஸ்தோத்திர வார்த்தைகள் வரிசையாக வந்தன. ஒன்றிலும் நான் இல்லை. எனக்கே எரிச்சலாக வந்தது. நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து வாய் தானாகத் திறந்தது.

“ஆண்டவரே, அவளை எடுத்துக்கிட்டீர். உம்ம மேல எனக்குக் கோபம். அதனாலதான் இத்தனை நாளா உம்மகிட்ட நான் பேசவே இல்ல.”

சொல்லி முடித்ததும் பயந்துபோனேன். அப்புறம் அழுகை வந்துவிட்டது. அந்த எட்டு மாதத்தில் அவர் முன்னால் நான் அழுதது அன்றைக்குத்தான்.