யூனிட் பட்டியலில் கடைசிப் பெயர்

எங்கள் டிப்போவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சடன் என்றால்தான் தெரியும். சடன் பிரேக் போட்டுப் போட்டே வாங்கிய பட்டம். நிறுத்தம் வரும்வரை ஒரே வேகத்தில் வருவார், கடைசி நொடியில் ஓங்கி ஒரு மிதி. நிற்பவர்கள் எல்லாம் முன்னால் போய்க் குவிவார்கள். ஆனால் கீழே காத்திருப்பவர்களில் யாரால் நடக்க முடியாதோ, வாசல் சரியாக அவர் முன்னால் போய் நிற்கும். அதற்காகவே ஜனங்கள் அவரை மன்னித்துவிடுவார்கள். ஆறு வருடம் அவர் வண்டியில் கண்டக்டராக இருந்த நானும் மன்னித்தேன். கம்பியில் இடித்து இடித்து என் முழங்கை காய்த்துப்போனதுதான் மிச்சம்.

இருபத்தெட்டு வருடம் டீசல் வண்டி ஓட்டியவர். ஓய்வுக்கு மூன்று வருடம் இருக்கும்போது எங்கள் தடத்துக்கு மின்சார பஸ் வந்தது. "வண்டி ஓடுதா நிக்குதான்னே தெரியலையேம்மா" என்று முதல் நாள் முணுமுணுத்தார். இரண்டாம் நாளே அதன்மேல் மோகம் பிடித்துவிட்டது. யாராவது அதன் கதவை ஓங்கித் தட்டினால் சண்டைக்குப் போனார்.

வம்பு ஒரு காகிதத்தில் வந்தது. கிலோமீட்டருக்கு யார் எத்தனை யூனிட் கரண்டு செலவழிக்கிறார்கள் என்பதை இந்த வண்டி தானே குறித்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை அதை அச்செடுத்து மேலாளர் அறைச் சுவரில் உயரத்தில் ஒட்டுவார்கள். இருபத்திரண்டு டிரைவர்களில் சடன்தான் கடைசி. அதுவும் இருபத்தோராவது ஆளுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு பஸ்ஸே போகலாம்.

அந்தப் பக்கம் அவர் நிமிர்ந்தே பார்க்க மாட்டார். "நீ படிச்சுச் சொல்லும்மா, எனக்கு நெஞ்சு தாங்காது" என்பார். நானும் கீழேயிருந்து படித்து, ஒரே பெயரில் வேலையை முடித்துவிடுவேன்.

மேலாளர் பொல்லாதவர் இல்லை. "மாசக் கடைசிக்குள்ள கொஞ்சமாவது மேல வந்துடுங்க. இல்லன்னா உங்களை யார்டுலதான் போடணும். எனக்கும் மேல ஆள் இருக்காங்கல்ல" என்றார். யார்டு என்றால் வண்டி கழுவுவது, சார்ஜ் கேபிள் செருகுவது. ஸ்டியரிங் கிடையாது. சடனுக்கு அன்று மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. யாருக்கும் சொல்லாமல் ஏசியை அணைத்துவிட்டார். திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல்கள், உச்சி வெயில், உள்ளே அறுபது பேர். நான்காவது நிறுத்தத்துக்குள் என்னைத் தின்றுவிடுவது போலப் பார்த்தார்கள். ஒரு அம்மா என் டிக்கெட் கட்டையே பிடுங்கி விசிறிக்கொண்டார். நான் முன்னால் போய், "அண்ணே, யூனிட்டை மிச்சம் பிடிக்கிறேன்னு ஆளுங்களை வேக வைக்காதீங்க!" என்று சத்தம் போட்டபிறகுதான் ஏசி வந்தது.

அடுத்த வாரம் ஒரு பயிற்சியாளர் எங்களோடு வண்டியில் ஏறினார். ஒரே சுற்றில் நோயைப் பிடித்துவிட்டார். "சார், இந்த வண்டியில காலை எடுத்தாலே போதும். மோட்டாரே வேகத்தைக் குறைச்சு, அந்தக் கரண்டைத் திரும்ப பேட்டரிக்கு அனுப்பிடும். நீங்க பிரேக்கை மிதிச்சு எல்லாத்தையும் சூடாக்கி வீணடிக்கிறீங்க. ஸ்டாப் தூரத்துல வரும்போதே ஆள் நிக்கிறாங்களான்னு பாருங்க, நின்னா காலை எடுத்துடுங்க. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றார் சடன். குரலில் ஏனோ சுரத்தே இல்லை.

மறுநாள் முதல் முயன்றார். நூலகத்து நிறுத்தம் வந்தது. ரொம்பத் தூரத்திலேயே காலை எடுத்தார். வண்டி அலுங்காமல் குலுங்காமல் போய் நின்றது. கதவு திறந்தது. யாரும் ஏறவில்லை. வாசலுக்கு நேராக, கார்களுக்கென்று புதிதாக நட்டு இன்னும் திறக்காத சார்ஜிங் கம்பம் ஒன்று, ஆள் உயரத்தில், கறுப்பு பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டு நின்றது.

"அதுக்கும் ஒரு டிக்கெட் போடும்மா" என்றார் சடன். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அந்தக் கம்பத்தைத் திரும்பிப் பார்த்தேன். பட்டியலை என்னைப் படிக்கச் சொல்வது, கடைசி நொடியில் மிதிப்பது, இப்போது கம்பம். எல்லாம் ஒரே இடத்தில் வந்து நின்றன.

டிப்போவில் வண்டியை சார்ஜில் போட்டபிறகு அவரைச் சுவர் முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினேன். "இன்னிக்கு நீங்க படிங்கண்ணே."

அவர் படிக்கவில்லை. செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தனை நாளா?"

"ஆறேழு வருஷம் இருக்கும். கிட்டத்துல எல்லாம் நல்லா தெரியும்மா. தூரத்துலதான் கொஞ்சம் மங்கல்."

"வருஷா வருஷம் கண் டெஸ்ட்டுல பாஸாகுறீங்களே?"

"வரிசையில கடைசியா நிப்பேன். முன்னாடி போறவங்க சத்தமா படிப்பாங்கல்ல. என் முறை வர்றதுக்குள்ள மனப்பாடம் ஆயிடும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் அம்மா அந்த வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறாள். "அறுபது உசுருண்ணே! குருட்டாம்போக்குல ஓட்டியிருக்கீங்க. நாளைக்குக் காலையில நீங்க மேலாளர்கிட்ட சொல்லணும். இல்ல, நான் சொல்லுவேன்."

"ஸ்டியரிங்கை விட்டுட்டா நான் யாரும்மா?" என்றார். எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

காலையில் நான் போனபோது அவர் ஏற்கெனவே மேலாளர் அறைக்குள் இருந்தார். வெளியே வரும்போது சட்டைப்பையில் சாவி இல்லை.

இருபத்துமூன்று நாள் யார்டில் கேபிள் செருகினார். என் வண்டிக்கு வேறு டிரைவர். குலுக்கலே இல்லாத பயணம். எனக்கு அது பிடிக்கவே இல்லை. கண் டாக்டர், தூரப் பார்வைதான் குறைந்திருக்கிறது, கண்ணாடி போதும் என்றார். மறுபரிசோதனைக்குச் சடன் முதல் ஆளாகப் போய் நின்று, "பழைய அட்டை வேணாம் சார், அது எனக்கு மனப்பாடம்" என்றாராம். புது அட்டையைக் கடைசி வரிவரை படித்தபிறகுதான் சாவியைக் கொடுத்தார்கள்.

திரும்பி வந்த அன்று முதல் சுற்று. கண்ணாடியோடு அவரைப் பார்க்க வாத்தியார் வேஷம் போட்டவர் மாதிரி இருந்தது. "நூலகத்துல மூணு பேரு. ஒருத்தர் கையில ஊன்றுகோல்" என்று தூரத்திலேயே எனக்குச் சொன்னார். காலை எடுத்தார். வண்டி தானே அடங்கி, ஊன்றுகோல்காரர் முன்னால் வாசலைக் கொண்டுபோய் வைத்தது. கரண்டு பேட்டரிக்குத் திரும்புவதைக் காட்டும் பச்சைக் கோடு திரையில் ஏறியது.

அடுத்த சிக்னலில் சிவப்பு விழுந்தது. அதற்குச் சற்றுத் தள்ளி மூன்றாவது மாடிதான் அவர் வீடு. ஆறு வருடமாக அந்த நேரத்துக்கு அண்ணி பால்கனியில் வந்து நின்று கையசைப்பார். இவர் நிமிர மாட்டார். ஆரம்பத்தில் சிக்னலைப் பார்க்கிற மும்முரம் என்றார் அண்ணியிடம், பிறகு வேலை நேரத்தில் வீட்டைப் பார்க்கக் கூடாது என்றார். கடைசி இரண்டு வருடம் ஒன்றுமே சொல்லவில்லை. பாவமாக இருக்கும் என்று நான்தான் பதிலுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றும் அண்ணி நின்றார். வழக்கம்போல் கையைத் தூக்கினார்.

"குளிச்சிட்டு ஈரத் தலையோட நிக்கிறா பாரு. சளி பிடிக்கும்" என்றார் சடன். சொல்லிவிட்டு, கண்ணாடிக்குப் பக்கத்தில் கையை உயர்த்தி அசைத்தார்.

மேலே அண்ணியின் கை பாதியிலேயே நின்றுவிட்டது.